ஒரே வாளி

கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒரு வீட்டு முற்றத்தை எடுத்துக்கொள்வோம். படலைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் நாய், மதிலில் படுத்திருக்கும் பூனை, விறாந்தையில் தொங்கும் லவ் பேர்ட்ஸ் கூடு, பின்பக்கத்தில் பலகையும் கம்பிவலையும் அடித்த முயல்கூடு. பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒரு மீன்தொட்டியும் வந்து சேர்ந்திருக்கும். ஐந்து வகை உயிர்கள். ஆனால் வாளி ஒன்று, தும்புத்தடி ஒன்று, துடைக்கிற பழந்துணி ஒன்று. நாய் படுத்த இடத்தைக் கழுவிய வாளியிலேயே மறுபடி தண்ணீர் பிடித்து, கிளிகளின் கிண்ணம் அலசப்படும். அந்தக் கையே அடுத்து முயலுக்குக் கங்குன் கீரையைக் கொண்டுபோகும். இதில் பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றாததற்குக் காரணம் சோம்பல் அல்ல, ஒரு நம்பிக்கை. நாயின் நோய் நாயோடு, பூனையின் நோய் பூனையோடு, பறவையின் நோய் பறவையோடு என்று நாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி, எங்கே பிசகுகிறது என்று பார்த்தால், வீட்டில் எதைக் கழுவ வேண்டும், எதைச் சும்மா விடலாம் என்பது தானாகத் தெளிவாகும்.

முதலில் அந்த நம்பிக்கைக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வைரஸ் நினைத்த உடம்புக்குள் எல்லாம் புகுந்துவிட முடியாது. உயிரணுவின் மேற்பரப்பில் தான் பற்றிக்கொள்ளக்கூடிய புரதம் ஒன்று அதற்கு வேண்டும். நாயின் உயிரணுவில் இருக்கும் புரதம் பூனையில் சற்று வேறு வடிவத்தில் இருக்கும், கிளியில் அதைவிட வேறாக இருக்கும். உடற்சூடும் ஒரு தடைதான். பறவையின் உடம்பு 40 பாகை செல்சியசுக்கும் மேலே கொதிக்கிறது. மீனுக்கோ தொட்டித் தண்ணீரின் சூடுதான் உடற்சூடு. அதனால் மீனின் நோய்களில் பெரும்பாலானவை தொட்டியைத் தாண்டுவதில்லை. பூனைகளைக் கொல்லும் லுகேமியா வைரஸ், அதே பாயில் படுக்கும் நாயைத் தொடுவதில்லை. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியை ஒரு காலத்தில் எல்லா மிருகங்களுக்கும் பொதுவான ஒன்றாகவே எண்ணினார்கள். மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது நாய்க்கென்று சில வகைகள், பூனைக்கென்று ஒரு வகை, மனிதரையும் பிடிக்கக்கூடிய பொது வகைகள் சில என்று அது பல கிளைகளாக விரிந்தது. ஆகவே ஒரு வீட்டில் நாய்க்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கினால் ஒன்று மற்றதற்குக் கொடுத்தது என்று உடனே முடிவு கட்ட முடியாது. இருவரும் தின்ற கெட்ட மீன்கூடக் காரணமாக இருக்கலாம்.

ஆனால் இந்தத் தடுப்பு நாம் வைத்த பெயர்களின்படி எழுப்பப்பட்டதல்ல. நாய்களின் டிஸ்டம்பர் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பூனைக்கு அதனால் நோய் வருவதில்லை. இதை வைத்து ‘பூனைக் குடும்பத்துக்கு டிஸ்டம்பர் இல்லை’ என்று ஒருகாலத்தில் நினைத்தது இயல்புதான். 1994இல் தன்சானியாவின் செரெங்கெட்டியில் அதே வைரஸ் சிங்கங்களுக்குள் புகுந்து ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்களை, அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒன்றை, அழித்தது. சுற்றியிருந்த கிராமங்களில் தடுப்பூசி இல்லாமல் பெருகியிருந்த நாய்கள்தான் மூலம் என்று சந்தேகித்தார்கள். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் ஆய்வுகூடம் கண்டது இதே வைரஸை. வீட்டுப் பூனைக்கும் சிங்கத்துக்கும் உள்ள உறவு நமக்குத் தெரியும். வைரஸ் உறவுமுறை பார்க்கவில்லை. நம் கூரைமேல் இரவில் ஓடும் மரநாய்க்கும் டிஸ்டம்பர் பிடிக்கும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

இந்தக் கதையின் நடுநாயகம் பார்வோ. மிருக வைத்தியரிடம் நாய்க்குட்டியைக் கொண்டுபோன எவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும்: வாந்தி, இரத்தம் கலந்த நாறும் வயிற்றோட்டம், இரண்டு மூன்று நாளில் துவண்டுபோகும் குட்டி. பலருக்குத் தெரியாதது, 1970களுக்கு முன்பு உலகில் எந்த நாய்க்கும் இந்த நோய் இருந்ததில்லை என்பது. பூனைகளுக்கு இதற்கு மிக நெருங்கிய வைரஸ் ஒன்று 1920களிலேயே அறியப்பட்டிருந்தது. பூனையின் வைரஸிலிருந்தோ அதற்கு உறவான இன்னொரு வைரஸிலிருந்தோ கிளைத்து, புரத ஓட்டில் சில அமினோ அமிலங்கள் மட்டும் மாறி, 1978இல் அது நாய்களிடம் வெடித்தது. அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்று ஒரே காலத்தில் குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன, யாருக்கும் காரணம் புரியவில்லை. அந்த முதல் வடிவத்தால் பூனையைத் தொற்ற முடியவில்லை. நாயின் உயிரணுவைப் பற்றக் கற்றபோது பூனையைப் பற்றும் திறனை அது இழந்திருந்தது. கதை அத்தோடு முடிந்திருந்தால் நமது பழைய நம்பிக்கைக்கு அது நல்ல சான்றாக இருந்திருக்கும். ஆனால் ஓரிரு ஆண்டுகளுக்குள் இன்னொரு திருத்தம் நிகழ்ந்தது. 1979 அளவில் தோன்றிய புதிய வடிவம் நாயையும் பிடித்தது, இழந்த பூனையையும் மீட்டுக்கொண்டது. பழைய வடிவத்தை உலகம் முழுவதும் துரத்திவிட்டு அதன் வாரிசுகளே இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒரு கோணல் உண்டு. பூனையின் வைரஸ் நாயின் குடலில் பெருகாது, மலத்தில் வெளியே வராது. நாயின் இன்றைய வைரஸோ பூனையைப் பிடிக்கும். பாதை ஒருவழிப் பாதை, நாயிலிருந்து பூனைக்கு. பூனைகளுக்கு வரும் இந்த நோயில் பெரும்பகுதி இன்னும் பூனையின் சொந்த வைரஸால்தான் வருகிறது என்றாலும், நாய்க்குட்டி பார்வோவில் கிடக்கும் வீட்டில் தடுப்பூசி போடாத பூனைக்குட்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று எந்த வைத்தியரும் இன்றைக்குச் சொல்லமாட்டார்.

பார்வோவிடம் நின்று பேச இன்னொரு காரணமும் இருக்கிறது: அது நமது சுத்தம் செய்யும் பழக்கத்தைச் சோதிக்கிற கிருமி. கொரோனா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான ஒரு மேலங்கி உண்டு. சவர்க்காரமும் மதுசாரமும் அதைக் கரைத்துவிடும். பார்வோவுக்கு அந்த மேலங்கி கிடையாது, வெறும் புரத ஓடுதான். எனவே கைக்குத் தடவும் சனிடைசர் அதை ஒன்றும் செய்யாது. நோயுற்ற குட்டியின் ஒரு சிட்டிகை மலத்தில் கோடிக்கணக்கில் இருக்கும் அது, நிழலான ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஓர் ஆண்டுவரை உயிர்ப்போடு கிடக்கும். சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவினால் சாகாது. ஆனால் இடத்தைவிட்டு அகலும், அதுவே பெரிய காரியம். கொல்லக்கூடியது சாதாரண பிளீச். வீட்டுக்கு விற்கும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு, பத்து நிமிடம் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். இதில் இரண்டு பிழைகள் வழக்கமாக நடக்கும். மலத்தை வழித்து எடுக்காமல் அதன் மேலேயே பிளீச்சை ஊற்றுவது ஒன்று: அழுக்கே பிளீச்சைத் தின்று தீர்த்துவிடும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது. ஊற்றிய கையோடு தண்ணீர் அடித்துத் தள்ளிவிடுவது மற்றது. மூத்திரத்தின் மேலும் அமில வகை கழிவறைத் திரவத்தோடும் பிளீச்சைக் கலந்தால் எழும் வாயு நெஞ்சை அடைக்கும், ஆகவே முதலில் கழுவி, பிறகு பிளீச் என்ற ஒழுங்கு நமது சுவாசத்துக்கும் நல்லது. சீமெந்துத் தரைக்கும் ஓட்டுக்கும் இந்த வைத்தியம் சரி. ஹெந்தளையின் மணல் முற்றத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. வெயிலும் காலமும்தான் வழி. பார்வோவில் ஒரு குட்டி இறந்த முற்றத்துக்கு அடுத்த மாதமே புதுக்குட்டி கொண்டுவருவது அதனால்தான் பைத்தியக்காரத்தனம்.

சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசும்போதே பூனையின் ஈரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதருக்கும் நாய்க்கும் ஈரலில் நன்றாக வேலை செய்யும் ஒரு நச்சுநீக்கும் வழி பூனையில் மிகவும் பலவீனம். பினோல் வகைக் கிருமிநாசினிகள், தண்ணீரில் விட்டவுடன் பால்போல வெளுக்குமே அந்த ரகம், அதன் உடம்பில் தங்கிவிடும். தரையில் காயாமல் கிடந்தால் பூனை அதில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். நாயின் தெள்ளுக்காக முதுகில் விடும் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரினும் இதே காரணத்தால் பூனைக்கு விஷம். நாய்க்கு விட்ட மருந்து காயுமுன் பூனை அதோடு ஒட்டிப் படுத்தாலே வலிப்பு வரலாம். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கிருமி போவதைத் தடுக்கும் அவசரத்தில் ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுப்பது நடக்கக்கூடிய விபத்து. அந்த விபத்தில் கிருமிக்குப் பங்கே இல்லை.

இனத் தடுப்பு என்ற எண்ணம் நம்மை ஏமாற்றுகிற இன்னோர் இடம், நோயே இல்லாமல் கிருமியைச் சுமக்கும் மிருகம். முயலின் மூக்கில் போடெற்றெல்லா என்ற பக்றீரியா சாதுவாகக் குடியிருக்கும். முயல் தும்மக்கூட மாட்டாது. அதே பக்றீரியா நாய்களுக்குக் கூட்டமாக வரும் இருமலின் காரணங்களில் ஒன்று. ஆனால் முயலோடு ஒரே கூட்டில் கினிப்பன்றியை விட்டால் அதற்கு நிமோனியா வந்து சில நாளில் இறந்துபோகலாம். செல்லப்பிராணிக் கடைகளில் இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கோல் போட்டு வைத்திருப்பார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். பூனையின் வாயில் வாழும் பாஸ்சரெல்லாவும் இப்படித்தான். லூயி பாஸ்ச்சர் 1879, 1880 ஆண்டுகளில் கோழிகளைக் கொல்லும் நோயை ஆராய்ந்தபோது கையாண்ட கிருமியின் குடும்பம் அது. பூனைக்கு அது வாயில் ஊறும் எச்சிலைப்போல. கிளியின் சிறகில் ஒரு பல் நுனி பட்டால் போதும். காயம் கண்ணுக்குத் தெரியாது, கிளி மறுபடி கம்பியில் உட்கார்ந்துகொள்ளும், தப்பிவிட்டது என்று வீட்டார் மூச்சுவிடுவார்கள், அடுத்த ஒன்றிரண்டு நாளில் இரத்தத்தில் கிருமி பரவிக் கூட்டின் அடியில் விழுந்து கிடக்கும். இங்கே வாளியும் துணியும் காரணமல்ல. கூடு தொங்கும் உயரமும், கம்பிக்கு நடுவே பாதம் நுழையும் இடைவெளியும்தான் காரணம். பூனை தொட்ட பறவைக்கு அன்றைக்கே மருந்து வேண்டும், நாளைக்கு அல்ல.

படர்தாமரையும் தெள்ளும் இந்தப் பட்டியலில் எல்லாருக்கும் தெரிந்தவை, அதனால் சுருக்கமாகச் சொன்னால் போதும். பூனை தன் உரோமத்தில் படர்தாமரைப் பூஞ்சையை ஒரு தழும்பும் இல்லாமல் சுமக்கும்; நாய், முயல், பிள்ளையின் கை என்று அது வரிசையாக இறங்கும்; உதிர்ந்த உரோமத்தில் ஓர் ஆண்டுக்கு மேலும் பிழைத்திருக்கும். தெள்ளைப் பொறுத்தவரை, நாயில் நாம் காண்பது பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்றே விஞ்ஞானிகள் பெயரிட்ட இனம். மிருகத்தின் மேல் தெரியும் வளர்ந்த தெள்ளுகள் அந்த வீட்டிலுள்ள மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் பாயிலும் சாக்கிலும் மர அலுமாரிக்கு அடியிலும் இருக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் பூனையை மறந்தவர்கள், இரண்டையும் குளிப்பாட்டிவிட்டுச் சாக்கை மறந்தவர்கள், இருவருக்கும் ஒரு மாதத்தில் அதே சொறி திரும்பிவரும். தெள்ளை விழுங்கிய நாய்க்கும் பூனைக்கும் நாடாப்புழு வருவதும் இதே வழியில்தான். மீன்தொட்டியில் ஆமைக்குட்டி வளர்ப்போருக்கு ஒரு வரி: ஆமையின் தண்ணீரில் சல்மொனெல்லா இருப்பது வழமை, அமெரிக்கா 1975இலேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது, தொட்டியை மாற்றும் தண்ணீரை நாய் நக்கும் இடத்தில் ஊற்றாதீர்கள்.

இனி, வீட்டு மிருகங்கள் ஒன்றையொன்று தொடாமலேயே ஒரே மூலத்திலிருந்து நோயை வாங்கும் வழி. ஹெந்தளை தாழ்ந்த நிலம். தெற்கே களனி கங்கை, குறுக்கே ஹமில்டன் கால்வாய், வடக்கே முத்துராஜவெல சதுப்பு. 2016 மே வெள்ளத்தில் களனிக் கரை மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் ஏறும்போது எலியும் ஏறும். எலியின் மூத்திரத்தில் வரும் லெப்டொஸ்பைரா என்ற சுருள் பக்றீரியா ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் பிழைக்கும், காலின் சிராய்ப்பு வழியே உள்ளே போகும். 2008இல் இலங்கையில் அது உண்டாக்கும் எலிக்காய்ச்சல் 7,000க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. நாடு அந்த நோயைப் பற்றி உரத்துப் பேசத் தொடங்கியது அப்போதுதான். நாய் அந்தத் தண்ணீரைக் குடிக்கும், அதில் நடக்கும், நோயுறும், பிழைத்தால் தன் மூத்திரத்திலும் அதை வெளியேற்றும். முயலுக்குச் சிந்திய தீவனமும் கிளி உதறிய தினையும் கூட்டுக்கு அடியில் இரவெல்லாம் கிடந்தால் எலிக்கு அழைப்பிதழ் வேறு தேவையில்லை. கிளிக்கூட்டின் அடியைக் கூட்டாமல் விட்டதால் நாய்க்கு எலிக்காய்ச்சல் என்றால் கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். சங்கிலி மட்டும் அப்படித்தான் கோர்க்கப்பட்டிருக்கிறது. பச்சைக்கோழியும் இப்படி ஒரு பொது மூலம். தாய்லாந்தின் சிறிராச்சாவில் 2004இல் புலிகளுக்குப் பச்சையாகக் கொடுத்த கோழியில் பறவைக்காய்ச்சல் இருந்தது. 441 புலிகளில் 147 இறந்தன அல்லது கொல்லப்பட்டன. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு நிலையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்ததற்கும் அதே எச்5என்1 பறவைக்காய்ச்சல்தான் காரணம். பூனைக்குக் கோழிக்குடலை அவித்தே கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்தவர் செய்யக்கூடிய முதல் காரியம், எல்லாவற்றையும் தனித்தனியாக அடைத்துவைப்பது. அது வேண்டாம் என்பதே என் வாதம். ஏன் வேண்டாம் என்பதற்கு ஹெந்தளையைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை. ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது, கொழும்புக் கோட்டையிலிருந்து ஆற்றுக்கு அப்பால். பிரித்தானியர் 1901இல் தொழுநோயாளரைப் பிரித்துவைப்பதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். மனிதர் பட்ட துயரத்தை முயல்கூட்டோடு ஒப்பிடுவது முறையல்ல, அதைச் செய்யவும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி மதிலிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்கலாம்: அது எதைத் தடுத்தது? நோர்வேயின் ஹான்சன் 1873இல் கிருமியைக் கண்டார். மனிதரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது தொற்றவே தொற்றாது என்பது பிறகு தெரிந்தது; சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்டகாலம் நெருங்கி வாழ்வதே வழி என்பதும் தெரிந்தது. 1983இல் இலங்கைக்கு வந்த கூட்டுமருந்துச் சிகிச்சை அந்த வழியை அடைத்தபோது நோய் குறைந்தது, மதிலால் குறையவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உயிரை அடைத்துவைத்தார்கள், பாதையை அடைக்க யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மனிதருக்கு மட்டுமே உரியது என்று எண்ணிய அந்தக் கிருமியே அமெரிக்காவில் ஆர்மடில்லோ என்ற ஓடுள்ள மிருகத்திலும், 2016இல் பிரித்தானியாவின் சிவப்பு அணில்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது என்பது இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன நம்பிக்கைக்குக் கிடைத்த இன்னொரு அடி.

பாதையை அடைப்பது என்றால் நடைமுறையில் என்ன? ஹெந்தளையிலோ வெள்ளவத்தை மாடிவீட்டிலோ நோயுற்ற பிராணிக்குத் தனி அறை ஒதுக்க யாரிடம் இடம் இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. அறை இல்லாத வீட்டிலும் வரிசை இருக்க முடியும். ஆஸ்பத்திரித் தாதியர் தொற்றில்லாத நோயாளியை முதலிலும் தொற்றுள்ளவரைக் கடைசியிலும் பார்ப்பார்களே, அதே வரிசை. காலையில் முதலில் குட்டிகளும் பறவைகளும், அடுத்து நலமாக உள்ள பெரியவை, நோயுற்றது கடைசி. அதை முடித்த கையைச் சவர்க்காரத்தால் கழுவிச் சட்டையை மாற்றிய பிறகே மற்றதிடம் திரும்பிப் போவது. மலத்துக்கும் மூத்திரத்துக்கும் ஒரு வாளி, தீனிக்கும் தண்ணீருக்கும் இன்னொன்று, நிறம் வேறாக இருந்தால் வீட்டில் உதவிக்கு வருபவரும் மாற்றிவிடமாட்டார். பூனையின் மணல்தட்டு நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நாய்களில் பல அதைப் பலகாரமாக நினைக்கின்றன. புதிதாக வந்த குட்டியை இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் ஒரு மூலையில் பலகை வைத்து மறித்தால், பார்வோ பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் தன்னைக் காட்டிவிடும். படர்தாமரைக்கு அதைவிடக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தடுப்பூசி போட்டாயிற்றே, இதெல்லாம் எதற்கு என்பார்கள். தடுப்பூசிதான் முதல் அரண், அதில் விவாதமில்லை. ஆனால் குட்டிக்குத் தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச்சக்தி குறைந்து, ஊசியின் சக்தி இன்னும் ஏறாத ஒரு இடைவெளி உண்டு. நோய்க்கு அந்தச் சில வாரங்கள் போதும். எலிக்காய்ச்சல் ஊசி கிருமியின் சில வகைகளை மட்டுமே காக்கும். தெள்ளுக்கும் பூனையின் பல்லுக்கும் ஊசியே கிடையாது. தெருநாய் படலையில் வந்து முகர்ந்துவிட்டுப் போகிறது, பக்கத்து வீட்டுப் பூனை மதிலால் வருகிறது, உள்ளே வாளியைப் பிரித்து என்ன பயன் என்பது இன்னொரு தடைக்கேள்வி. தொற்று என்பது ஆம், இல்லை என்ற கணக்கல்ல. எவ்வளவு என்ற கணக்கு. தெருநாயின் மூச்சில் வரும் சில நூறு கிருமியை உடம்பு சமாளித்துவிடலாம். அதே நோய் வாளித் தண்ணீரில் கரைந்து கிண்ணத்துக்குள் வந்தால் சமாளிக்க முடியாமல் போகலாம். அளவு மிஞ்சிய சுத்தம் உடம்பைக் கெடுக்கும் என்பவர்களிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பின்லாந்தில் 397 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது, நாயோடு வளர்ந்தவர்களுக்குச் சுவாசத்தொற்றும் காதுவலியும் குறைவாகவே வந்திருந்தன. ஆனால் அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது முற்றத்துப் புழுதியின் நூறு வகைச் சாதுக்கிருமிகள், பார்வோ கிடந்த சாக்கு அல்ல. முற்றத்தில் நாயும் பூனையும் பிள்ளையும் சேர்ந்து உருளுவதை இந்தக் கட்டுரை தடுக்கவில்லை. மலம், எச்சில், பச்சை இறைச்சி, எலி, தெள்ளு என்ற ஐந்து வழிகளை மட்டும் அடைக்கச் சொல்கிறது.

ஆறாவது வழி ஒன்று இருக்கிறது: நாமே. 2021 யூனில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் ஒரு சிங்கத்துக்குக் கொரோனா உறுதியானது. அதே மாதம் சென்னை வண்டலூரில் ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று, நீலா என்ற பெண்சிங்கம் இறந்தது. அந்தச் சிங்கங்கள் கூட்டைவிட்டு எங்கும் போகவில்லை. மனிதர்தான் கூட்டருகே போய்வந்தார்கள். 2022 யனவரியில் ஹொங்கொங்கில் ஒரு செல்லப்பிராணிக் கடையின் ஹம்ஸ்டர்களிலிருந்து கடை ஊழியருக்குத் தொற்றியது தெரியவந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் சிறு மிருகங்கள் கொல்லப்பட்டன. அந்தத் தொற்றின் பாதையை ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் பேராதனையில் மருத்துவம் படித்த நம் நாட்டவர், மாலிக் பீரிஸ். மிருகங்களுக்கு இடையிலான தொற்றைத் தடுக்க முயலும்போது நடுவில் நிற்கும் இரண்டுகால் மிருகத்தைக் கணக்கில் விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மிருக வைத்தியர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கைகழுவுவதை நாம் கவனிக்கிறோம். வீட்டில் முயலுக்கும் கிளிக்கும் நடுவே குழாயடிக்குப் போகிறவர் எத்தனை பேர்?

இனத்தைப் பார்க்காத கிருமிகளில் நாம் நெடுங்காலமாகவே அறிந்த ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நாம் அதற்கு வைத்த பெயரே நம்மைத் தவறாக வழிநடத்துகிறது: விசர்நாய்க்கடி. நாயின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டதால் தடுப்பூசி அட்டையும் நாய்க்கு மட்டும் உரியது என்று ஆகிவிட்டது. இலங்கையில் 1973இல் இந்த நோயால் 370க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்கு இருபது முப்பது பேராகக் குறைந்திருக்கிறது, பெரும்பாலும் நாய்களுக்கு ஊசி போட்டதால். ஆனால் அந்த வைரஸ் பூனையையும் மாட்டையும் கீரியையும் மரநாயையும் அதேபோலப் பிடிக்கும், பிடித்த மிருகம் பிழைப்பதில்லை. இரவில் மதிலேறிப் போய் விடியலில் பாயில் வந்து படுப்பது நாய் அல்ல, பூனை. சுகாதார அமைச்சின் இலவச விசர்நோய்த் தடுப்பூசி பூனைக்கும் போடப்படுகிறது. வீட்டில் பூனை இருந்தால், அடுத்த முறை ஊசி போடுபவர்கள் உங்கள் ஒழுங்கைக்கு வரும்போது அதையும் ஒரு கூடையில் போட்டுக் கொண்டுபோங்கள்.